வாளியில் இருந்த எண்ணெய்

எண்ணெய் வடிக்கிற மெஷின் வாங்கியாகிவிட்டது, திங்கட்கிழமை ஓட்டப்போகிறோம், வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் அக்கா என்று உங்கள் பலகாரக் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்கு நின்று பேச வராது. உட்கார்ந்தும் பேச வராது, பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். ஏழாவதோடு நின்றவள் எழுத்து. கண் நன்றாகத் தெரிகிற யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

மெஷினை எப்படி ஓட்டுவது என்று விற்றவரே காட்டியிருப்பார். ஓட்டை போட்ட டிரம் ஒன்று. பொரித்த பண்டத்தை அதில் சூட்டோடு போட்டு, மூடி, பட்டனைத் தட்டினால் சுற்றும். எண்ணெய் தெறித்து வெளித்தொட்டியில் வழிந்து, குழாய் வழியாகக் கீழே இருக்கிற வாளியில் விழும். துணி துவைக்கிற மெஷின் துணி பிழிவதைப் போலத்தான். அரை நாளில் கை பழகிவிடும். கை பழகின பிறகு வருகிற ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

நான் பிள்ளைச்சாவடிக்காரி. கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டு வருஷம் இருந்தேன், பிறகு கிளம்பிவிட்டேன். கருவாடு காயவைத்தேன். எறால் உரித்தேன். நோணாங்குப்பம் படகுத்துறைப் பக்கம் சோளம் சுட்டு விற்றேன். காலேஜ் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்த்தேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. லாஸ்பேட்டையில் ஒரு பலகாரக் கம்பெனி மட்டும் என்னை ஒன்பது வருஷம் பிடித்து வைத்தது. காரணம் அங்கே இருந்த மெஷின்தான். "உனக்குப் பதிலா அது சுத்துது, அதான் நீ ஒரு எடத்துல நிக்கிற" என்று கடாய் மாஸ்டர் கேலி செய்வார்.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. மெஷினில் வடிந்த எண்ணெயை வீணாக்க மாட்டோம். கடாயில் எண்ணெய் இறங்கினதும் மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல் "வாளி!" என்பார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அடியில் இருக்கிற கசடு விழாதபடி மேலாகக் கடாயில் ஊற்றுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை. தூக்கத்தில் கூப்பிட்டாலும் என் கை அதைச் செய்யும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் ஒரு அம்மா வந்தார். புருஷன் பிரான்சில், இவரும் அங்கேதான், லீவுக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. மாதா கோயிலில் பிள்ளை முதல்முதலாக நன்மை என்கிற அப்பத்தை வாங்குகிற நாள். காலையில் பூசை, சாயங்காலம் வீட்டில் விருந்து. வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு முறுக்கு, பிள்ளையின் போட்டோ அச்சடித்த வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்ற கடை முறுக்கு என்றால் அரை மணியில் கவரில் எண்ணெய் ஊறி போட்டோ கறுத்துவிடும். எங்களிடம் மெஷின் இருக்கிறது என்று யாரோ சொல்லி வந்திருந்தார்.

முதலாளியிடம் ஆர்டரைக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். பலகாரத்தைக் கையால் தொடுகிற ஆள் யார் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"அக்கா, என் பொண்ணுக்கு மல்லாட்டை ஆவாது."

நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். எத்தனையோ வருஷம் வெளிநாட்டில் இருந்தும் அந்த வார்த்தை அவருக்கு மாறவில்லை.

"ஒத்துக்காதாம்மா?"

"ஒத்துக்காது இல்ல. ஆவவே ஆவாது. மூச்சு அடைச்சுக்கும். ஒரு தரம் அடைச்சு, ஆஸ்பத்திரில மூணு நாள் இருந்தா. மல்லாட்டை, மல்லாட்டை எண்ணெய், ரெண்டும் படவே கூடாது. எங்க போனாலும் அவளுக்குத் தனி டப்பா கட்டிக்கிட்டுதான் போறேன். அவ ஃபங்ஷன்லயே அவ ஒருத்தி மட்டும் டப்பால சாப்பிடணுமா? எல்லாரும் திங்கிறத அவளும் திங்கணும். உங்களால முடியுமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, இத்தனை பேர் இருக்கும்போது என்னிடம் வந்து கேட்கிறாரே என்று பெருமையாக இருந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் நின்னு செஞ்சு தரேன்."

நின்றுதான் செய்தேன். அதைக் குறைசொல்ல முடியாது. புது சூரியகாந்தி எண்ணெய் டின்னை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உடைத்தோம். கடாயைச் சோடா போட்டு இரண்டு முறை தேய்த்தார் மாஸ்டர். முறுக்கு அச்சு, கரண்டி, பேக்கிங் மேஜை எல்லாம் கழுவினோம். மெஷின் டிரம்மை நானே கழற்றி வெந்நீரில் போட்டு, ஓட்டைக்கு ஓட்டை பிரஷ் விட்டுத் தேய்த்தேன். வெளித்தொட்டியையும் துடைத்தேன். ஏன் இவ்வளவும் என்றால், அன்று காலையில்தான் மசாலா மல்லாட்டை இரண்டு ஈடு போட்டு அதே மெஷினில் வடித்திருந்தோம்.

பதினொரு மணிக்கு முறுக்கு ஆரம்பித்தது. நல்ல பதம். நடுவில் மாஸ்டர் "வாளி!" என்றார். ஊற்றினேன். மறுபடி "வாளி!" என்றார். ஊற்றினேன். ஒன்றரை மணிக்குப் பிள்ளையின் தாத்தா ஆட்டோவில் வந்து, கவர் போட்ட முறுக்கையெல்லாம் அட்டைப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தொப்பி வைத்த பெரியவர். ஒரு கவரைத் தடவிப் பார்த்து, விரலில் எண்ணெய் ஒட்டவில்லை என்று பிரெஞ்சில் நன்றியாக எனக்கு ஒரு "மெர்சி" சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வேலை முடித்து, வாளியில் மிஞ்சியதைத் துணியில் வடிகட்டினேன். துணியில் கசடு நின்றது. முறுக்குத் தூள் இருந்தது. அதற்கு அடியில் சிவப்பாக, மெல்லிசாக, மல்லாட்டைத் தோல்.

எல்லாவற்றையும் கழுவினேன். வாளியைக் கவிழ்க்கவில்லை.

காலையில் மல்லாட்டை பொரித்து வடிந்த எண்ணெய் அப்படியே வாளியில் இருந்திருக்கிறது. அதன்மேல் முறுக்கு எண்ணெய் வடிந்திருக்கிறது. மாஸ்டர் கூப்பிட்டார், கை கொண்டுபோய் ஊற்றிவிட்டது. அதற்குப் பிறகு பொரிந்த ஒவ்வொரு முறுக்கிலும் அது இருக்கிறது.

உள்ளே போய் முதலாளியிடம் துணியைக் காட்டினேன். அவர் பார்த்தார், நிமிர்ந்தார்.

"இதுக்கா இப்படி ஓடியாற? ரெண்டு தோலு. கொதிக்கிற எண்ணெய்ல விழுந்ததுல என்னா இருக்கும்? நெருப்புக்கு ஏதுக்கா தீட்டு?"

"தீட்டு இல்லைங்க. அந்தப் புள்ளைக்கு மூச்சு நிக்கும்னு சொன்னாங்க."

"அவங்க வெளிநாட்டுக்காரங்க, தும்மினாலே டாக்டரத் தேடுவாங்க. சரி, போன் போடறேன். எடுத்தா சொல்லிடலாம்."

போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வீட்டை அடகு வைத்துக் கடை போட்டவர். பலகாரத்தில் இப்படி ஆனது என்று ஊரில் ஒருவர் சொன்னால் போதும், கதவைச் சாத்த வேண்டியதுதான். போன் எடுக்கவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் அதைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் ஒரு ஓரத்தில் அது வந்தது. போட்டோம், எடுக்கவில்லை, நம்மால் முடிந்தது அவ்வளவுதான். இந்த நிம்மதி உங்களுக்கும் ஒருநாள் வரும். அது வந்த உடனே இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

மாஸ்டரிடம் போனேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கொதிச்சா ஒண்ணும் ஆவாதா? நாப்பது வருஷமா கடாய்ல நிக்கிற. நிச்சயமா ஆவாதுன்னு சொல்லு, நான் பேசாம குந்திக்கிறேன்."

அவர் துணியைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டார்.

"கூப்ட்டது நாந்தானே" என்றார்.

வீடு எங்கே என்று தெரியாது. மிஞ்சிய கவர் ஒன்று கையில் இருந்தது. அதில் விலாசம் இல்லை, போட்டோ மட்டும்தான், வெள்ளைக் கவுனில் மெழுகுவர்த்தி பிடித்த பிள்ளை. அதை எடுத்துக்கொண்டு முனையில் இருக்கிற ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒன்றரை மணிக்குத் தொப்பிக்காரப் பெரியவரை ஏற்றினது யார் என்று கேட்டேன்.

"நாந்தான். ஏங்கா, பெட்டி எதுனா உட்டுட்டாரா?"

"அந்த வீட்டுக்கு உடனே போவணும்."

"டவுனுக்கா? ஞாயித்துக்கெழமை சண்டே மார்க்கெட் கூட்டம் இருக்கும். சுத்திதான் போவணும்."

"எப்படியாவது போ தம்பி."

வழியெல்லாம் முதலாளி கொடுத்த நம்பருக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மூன்று முப்பத்தைந்து. சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டரில் அப்பனும் பிள்ளையும். பிள்ளை ஏதோ தின்றுகொண்டிருந்தது. நான் அதன் வாயையே பார்த்தேன். மூன்று நாற்பத்தைந்து. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"யாருக்குனா உடம்பு சரியில்லையாக்கா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

அவன் அதற்குப் பிறகு ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

மஞ்சள் சுவர் போட்ட மாடி வீடு. வாசலில் வெள்ளைத் துணிப் பந்தல். உள்ளே பாட்டு அலறியது. போன் ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. நான் வேலைப் புடவையில் இருந்தேன், அதன்மேல் ஆம்பளைச் சட்டை, உடம்பெல்லாம் எண்ணெய் வாசனை. பந்தல் வாசலில் தாத்தா நின்று ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"பின்பக்கமா போம்மா. எல்லாரும் சாப்ட்ட பிறகு குடுப்பாங்க."

"சாப்பிட வரலைங்க ஐயா. முறுக்கு போட்டவ."

"ஓ! முறுக்கு! பிரமாதம். எல்லாரும் கேட்டாங்க..."

எல்லாரும் கேட்டார்கள் என்றால் தின்றுவிட்டார்கள். நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் பின்னால் ஏதோ கத்தினார்.

கூடத்தின் கடைசியில் பூ வைத்த நாற்காலி. அதில் அந்தப் பிள்ளை, போட்டோவில் இருந்த அதே கவுன். கையில் முறுக்கு. வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். எதிரே போட்டோகிராபர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்டியே, பாப்பா. கடிக்காத, கடிக்காத. கடிக்கிற மாதிரி புடி. அம்மாவப் பாரு. சிரி. இன்னொண்ணு."

அந்த ஆளை எந்த ஊர் என்றுகூடக் கேட்டுவைக்கவில்லை. இன்றைக்கும் எங்காவது கல்யாணத்தில் போட்டோகிராபர் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று எல்லாரையும் சலிக்க வைத்தால் நான் மட்டும் சலித்துக்கொள்வதில்லை.

நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு வாயில் வைத்துவிடுவாள் என்று தோன்றியது. பேசாமல் நேரே நடந்துபோய், அவள் கையிலிருந்து முறுக்கைப் பிடுங்கினேன். பிள்ளை வீரிட்டாள். பாட்டு நின்றது. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மல்லாட்டை எண்ணெய் கலந்துடுச்சும்மா" என்றேன். "வாளில இருந்துச்சு. பாக்காம நாந்தான் ஊத்தினேன்."

அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கடிச்சியா?"

"இல்ல."

"நாக்குல வெச்சியா?"

"இல்லம்மா. அங்கிள் விடல."

"விரலை நக்கினியா? உண்மையச் சொல்லு."

பிள்ளை கையைக் கவுனுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டினாள். "கொஞ்சூண்டு. உப்பா இருந்துச்சு."

அந்த அம்மா இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டியிருந்தார். பட்டுப்புடவைமேல் அதை நான் முதலிலேயே பார்த்திருந்தேன், எதற்கென்று தெரியவில்லை. அதிலிருந்து, மூச்சு அடைத்தால் உடனே போடுகிற ஊசிக் குழாய் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிள்ளையின் கையையும் வாயையும் சோப்பு போட்டுக் கழுவினார். தாத்தாவிடம் கவர்களையெல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார். ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு பிள்ளையின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் உதட்டையே பார்த்தார்.

நான் நகர்ந்தேன்.

"நீங்க போவக் கூடாது" என்றார், திரும்பாமல். "டாக்டர் கேட்டா என்ன, எவ்ளோன்னு சொல்றதுக்கு ஆள் வேணும். இங்கயே நில்லுங்க."

நின்றேன். வாழ்க்கையில் நான் ஒரே இடத்தில் அப்படி நின்றதில்லை. சுவரில் கடிகாரம். நாலு ஐந்து. நாலு பத்து. பிள்ளை ஒருமுறை இருமினாள். அந்த அம்மா எழுந்தார், ஊசியின் மூடியில் விரல் போனது. "தண்ணி குடுங்க, அழுதேன்ல" என்றாள் பிள்ளை. தண்ணீர் குடித்தாள். நாலே கால். கன்னம் சிவந்த மாதிரி இருந்தது. அழுததாலா, வேறா? அந்த அம்மா கன்னத்தைத் தொட்டார், காதுக்குப் பின்னால் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். நாலரை. சுவரில் சாய்ந்தால் எண்ணெய்க் கறை படும் என்று சாயாமல் நின்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மணிக்கு அந்த அம்மா ஊசியைப் பைக்குள் வைத்தார். அப்போதுதான் தனக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கடைக்குத் திரும்பினேன். முதலாளி வாசலிலேயே நின்றார். நடந்ததைச் சொன்னேன். "பாத்தியா, நக்கியும் ஒண்ணும் ஆவல. நீ போவாம இருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். அதை அவர் கடைசிவரை சொன்னார். நானும் அவரிடம் வாதாடியதில்லை. அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். விரலில் பட்ட உப்பும் இரண்டு முறுக்கும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. அவள் அதைக் கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றுவரை தெரியாது. தெரியாமலே போகட்டும் என்றுதான் ஓடினேன். நம் வேலையில் சரியாகச் செய்ததற்குச் சாட்சி எதுவும் மிஞ்சாது. ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். ஊர் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கும். சிரிக்கட்டும்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் "வாளி!" என்று முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிடுவதை விட்டுவிட்டார். திரும்பி, என் முகத்தைப் பார்த்து, "வாளில என்னா இருக்கு?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊற்றுவோம். நீங்களும் அப்படியே கேளுங்கள். வேலை கொஞ்சம் மெதுவாகும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று நான் கிளம்பும்போது அந்தப் பிள்ளை வாசல்வரை வந்தாள். தலையில் வைத்த பூக்கிரீடம் சாய்ந்திருந்தது. கையில் அவளுடைய பழைய டப்பா.

"ஆன்ட்டி, அது கடிச்சா எப்பிடி சத்தம் கேக்கும்?"

நான் பல்லால் செய்து காட்டினேன். சிரித்தாள்.

"அடுத்த லீவுக்கு வருவேன். அந்த வாளியையும் கழுவிட்டுச் செஞ்சு தருவீங்களா?"

வாயில் "கண்டிப்பா" என்று வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அந்தச் சமயத்தில் அதைச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். அதே கடாய், அதே மெஷின், தினமும் மல்லாட்டை, தினமும் என் கை. எதைக் கழுவ மறப்பேன் என்று எனக்கே தெரியாது.

"முடியாது பாப்பா" என்றேன். "எங்க மெஷின்ல முடியாது."

அவளுக்குக் கோபம் வரவில்லை. பல தடவை கேட்டுப் பழகின வார்த்தை போல, தலையை ஆட்டிவிட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பின்னால் நின்ற அவள் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "இதப் போன வாரமே சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்றார்.